இழுத்துவிட்ட அளவுகள்

திரையில், புதன்கிழமை மூன்று மணி வரிசையில் ஐந்து எண்கள் இருந்தன. மணி இன்னும் மூன்று ஆகவில்லை. போதாததற்கு, திங்கட்கிழமை அத்தானின் வலது கையை உள்ளே இழுத்ததிலிருந்து மிஷினே ஓடவில்லை.

21.4, 17.8, 18.3, 17.1, 15.2.

"என்ன கண்றாவி இது" என்று முணுமுணுத்துக்கொண்டே அழித்தான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மெயின் சுவிட்ச் இறக்கி, பூட்டுத் தொங்க, பிரஸ் சும்மா நின்றது. பட்டப்பகல். கூரைத் தகரம் வெயிலில் விரிந்து டிக் டிக்கென்றது. மிஷின் எண்ணெய் வாசனைக்கும் தரையைக் கழுவிய மருந்து நெடிக்கும் அடியில், ஈர இரும்பு போல இன்னொரு வாடை, மூன்று முறை கழுவியும் போகாமல் அவன் தொண்டைவரை வந்து உட்கார்ந்திருந்தது.

அவன் வேலை ஒன்றும் பிரமாதமில்லை. மணிக்கொரு தடவை பிரஸ் நசுக்கி, இரண்டு வட்ட ஓட்டை போட்டுத் தள்ளும் தகடுகளில் ஐந்தை எடுத்து, வெர்னியர் அளவுகோலில் கனம் பார்த்து, எக்செல்லில் அடிக்க வேண்டும். சராசரி ஒரு புள்ளியாக விழும். நடுக்கோடு 1.2 மில்லிமீட்டர், மேலும் கீழும் சிவப்பு எல்லைக்கோடுகள். ஏழு புள்ளி தொடர்ந்து இறங்கினால் மிஷினை நிறுத்தியே தீரணும். ஆனால் மணிக்கு மணி யார் எழுந்து போவது? காலையில் ஒரு வரிசை அளப்பான். மிச்சத்துக்குக் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்துவிடுவான்; அதே எண்கள் தானாக நிரம்பிக்கொள்ளும். மூன்று மாதமாக எல்லாப் புள்ளியும் சமத்தாகக் கோட்டை ஒட்டியே நின்றன. பிரஸ் மட்டும் நாளுக்கு நாள் தழைந்து இறங்கிக்கொண்டிருந்தது.

கை போய், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிரும் போனது அத்தானுக்கு.

மேனேஜர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். "முடிஞ்சுதாப்பா? மிஷின் சரியாத்தான் இருந்துச்சு, ஆள்தான் அஜாக்கிரதைன்னு வரணும். நாளைக்கு விசாரணை. சார்ட்ல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

அவர் போனதும் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, மிஷின் தானா இறங்குதுன்னு அவர் ஒரு வாரமா புலம்பிட்டே இருந்தாருடா. செத்தவர் மேல பழி போட்டுடாதீங்க. உன்னைத்தான் நம்பியிருக்கேன்."

"பாத்துக்கறேன்க்கா."

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் ஜெயில். போனவர் போய்விட்டார், தான் ஏன் சாக வேண்டும்? பிரிண்ட் கொடுத்தான்.

திரையில் அந்த ஐந்து எண்களும் திரும்ப வந்திருந்தன. புள்ளி எல்லைக்கோட்டைத் தாண்டி, படத்தின் உச்சியில் போய்க் குந்தியிருந்தது.

மேஜையில் வெர்னியர் வாய் திறந்து கிடந்தது. 21.4. அவன் திறந்து வைக்கவில்லை.

ஏன் செய்தானோ, வலது கட்டைவிரலை அதற்குள் நுழைத்தான். கச்சிதமாக இருந்தது. ஆள்காட்டி விரல், 17.8. நடுவிரல், 18.3. மோதிர விரல், 17.1. சுண்டுவிரலை அளக்கவில்லை. தெரியும்.

மணி இரண்டு ஐம்பத்தொன்பது.

ஓடிவிடலாம். இந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அக்காவின் காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டிவிடலாம். நினைத்தான். தாளை இழுத்து வைத்து, பேனாவை எடுத்து, கையெழுத்தைப் போட்டான்.

டங்.

தரை அதிர்ந்தது. கண்ணாடி அதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தான். பூட்டு தொங்கியபடியே இருந்தது. பிரஸ் அசையவில்லை.

திரையில், யாரோ கட்டத்தின் மூலையைப் பிடித்து இழுத்தது போல, ஐந்து எண்களும் வரிசையாக மாறின. 1.2. 1.2. 1.2. 1.2. 1.2. புள்ளி நடுக்கோட்டில் வந்து உட்கார்ந்தது.

ஐயோ.

வலி இன்னும் வரவில்லை. கை வரவில்லை. இழுத்தான். தாளோடு தாளாக ஒட்டியிருந்தது. தகடு. விரல், எலும்பு, நகம், பேனா, எல்லாம் ஒரே கனம். உள்ளங்கையில் அச்சு வைத்தாற்போல இரண்டு வட்ட ஓட்டைகள். ஒன்றின் வழியே தெரிந்தது அவன் கையெழுத்து.

அப்புறம்தான் ரத்தம் வந்தது. அப்புறம்தான் கத்தினான்.

கர்சர் கீழே இறங்கியது. நான்கு மணி வரிசை.

20.9.

மேஜைமேல் வெர்னியர் மெல்ல நகர்ந்து, அவன் இடது கட்டைவிரலைக் கவ்விக்கொண்டிருந்தது.