பொம்மையான பட்டாணி

அம்மா வேலைக்குக் கிளம்பினால் போதும், குட்டிப் பையன் பட்டாணி அழுது ஊரைக் கூட்டிவிடுவான்.

அம்மாவுக்குக் கிரேன் ஓட்டும் வேலை. மேட்டுத் தெருவில் இருந்த அவர்கள் வீட்டுக்குக் கீழே, பள்ளத்தில், பெரிய கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அங்கே போய்க் கிரேனை அண்ணாந்து பார்த்தான் பட்டாணி. பார்த்துக்கொண்டே இருந்தான். அதன் உயரம் முடிகிற மாதிரியே தெரியவில்லை. அன்றோடு பிடித்தது பயம்.

"அது வானத்தை இடிக்குது. நீ மேல போகாதம்மா."

"கம்பிக் கூண்டுக்குள்ளதான்டா ஏறுவேன். இடுப்புல பெல்ட்டும் இருக்கு," என்றாள் அம்மா. அது அவன் காதில் ஏறவே இல்லை. அவன் பிடியை விலக்கிவிட்டுப் படியிறங்கும்போது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதை அக்கா பார்த்துவிட்டாள்.

அக்காவுக்குப் பத்து வயது. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். 'இதுக்கு ஒரு வழி பண்ணியே ஆகணும்' என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

பள்ளியில் கணினி டீச்சர் ஒரு வீடியோ காட்டியிருந்தார். நிஜமான துறைமுகம்தான், ஆனால் மேஜைமேல் பரப்பிய பொம்மைகள் போல இருந்தது. அப்படிக் காட்ட, உயரத்திலிருந்து படமெடுத்து, நடுவில் ஒரு பட்டையை மட்டும் தெளிவாக விட்டு, மேலேயும் கீழேயும் மங்கலாக்க வேண்டும். பொம்மையைக் கிட்டே போய்ப் படமெடுத்தால் முன்னும் பின்னும் அப்படித்தான் மங்கும். அதனால் கண் ஏமாந்துபோகும்.

அப்பாவின் போனைச் சமையலறை ஜன்னலில் சாய்த்து வைத்து, கட்டட வேலையை வாலு படமெடுத்தாள். மங்கலாக்கினாள். வேகத்தையும் கூட்டினாள். லாரிகள் உருண்டன. ஆட்கள் குடுகுடுவென்று ஓடினார்கள். கிரேன் ஓர் இரும்புக் கம்பியைத் தீக்குச்சி மாதிரித் தூக்கி வைத்தது.

பட்டாணி விழுந்து விழுந்து சிரித்தான். "பொம்மைக் கிரேன்."

"அதுக்குள்ள யாரு இருக்காங்க தெரியுமா? நம்ம அம்மா."

சிரிப்பு நின்றது. உதடு பிதுங்கியது. "அம்மா இவ்ளோ சின்னதாயிட்டாங்களா? இனிமே என்னை எப்படித் தூக்குவாங்க?"

அழுகை முன்பைவிடப் பலமாகக் கிளம்பியது.

"நல்லா பண்ணின போ," என்றார் அப்பா.

வாலு அசரவில்லை. "டேய், செருப்பைப் போடு. உன்னையும் பொம்மையாக்கறேன்."

அழுகை சட்டென்று பாதியில் நின்றது. "வலிக்குமா?"

"வலிக்காது. குதிக்கணும், அவ்ளோதான்."

அப்பா அவனைக் கீழே தெருவுக்குக் கூட்டிப்போனார். ஜன்னலிலிருந்து வாலு கையசைத்ததும் பட்டாணி குதித்தான். மூச்சிரைக்க மேலே ஓடிவந்து போனைப் பார்த்தான். அதில் ஒரு குட்டிப் பையன் சோளப்பொரி மாதிரித் துள்ளிக்கொண்டிருந்தான்.

பட்டாணி தன் தலையைத் தொட்டுப் பார்த்தான். கைகால்களைப் பார்த்தான். கதவோரம் போய் நின்று தாழ்ப்பாள் எட்டுகிறதா என்று பார்த்தான். எட்டியது.

"நான் அப்படியேதான் இருக்கேன்," என்றான்.

"அம்மாவும் அப்படியேதான்டா இருப்பாங்க."

அவன் கிரேன் வீடியோவை மறுபடி போடச் சொன்னான். பிறகு மறுபடியும். மெல்ல விரலை வைத்துக் காட்டினான். "அக்கா, அதோட காலைப் பெரிய கல்லு பிடிச்சுக்கிட்டு இருக்கு பாரு."

"அது கான்கிரீட்."

"கீழ நின்னப்ப நான் மேலயேதான் பார்த்தேன். இதைப் பார்க்கவே இல்ல." கொஞ்சம் யோசித்தான். "இது விழாது."

சாயங்காலம் அம்மா வந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். தன் கிரேனையே பொம்மையாகப் பார்த்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மேலேருந்து பார்த்தா நான் எவ்ளோ இருப்பேன்?" என்று கேட்டான் பட்டாணி.

அம்மா சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள். "இவ்ளோ. தெருவுல போற பிள்ளைங்கள்ல எது என் பிள்ளைன்னே தெரியாது."

மறுநாள் காலை அம்மா தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வீடு அமைதியாக இருந்தது. சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தாள்.

அலமாரித் துணியெல்லாம் தரையில் கிடந்தது. நடுவில், வாலுவின் ஆரஞ்சு நிற மழைக்கோட்டைத் தரையில் புரளப் புரளப் போட்டுக்கொண்டு பட்டாணி நின்றான். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது.

"இன்னிக்கு இப்படித்தான் பள்ளிக்கூடம் போகப் போறேன். இப்பத் தெரியும்ல?" என்று சொல்லி அம்மாவின் முதுகில் கைவைத்துத் தள்ளினான். "நின்னுக்கிட்டே இருக்கியேம்மா. சீக்கிரம் போய் மேல ஏறு."