மாமியார் குத்திய கைக்குறி

எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? வீட்டில் சளி, இருமல் ஒன்றுமில்லையே? இங்கே தூத்துக்குடி மிதவை நகரில் ஐப்பசிக் காற்று ஆளைத் தூக்குகிறது. மற்றபடி நலம்தான்.

காலையில் எழுந்தால் எதற்கும் மணிக்கட்டை நீட்ட வேண்டும். தண்ணீர்க் குழாய், படகுத்துறை, கடல்வாசல், எல்லாவற்றுக்கும் கைக்குறிதான் சாவி. முகம், குரல், கைரேகை எல்லாவற்றையும் நகல் எடுக்கிறார்கள் என்று ஆன பிறகு வந்த ஏற்பாடு இது. யாரிடமும் இல்லாத ஒரு புதுச் சித்திரத்தைக் குடும்பத்தில் ஒருவர் தம் கையால் பச்சை குத்த வேண்டும். குத்தும்போது முன்னுணரி என்றொரு கருவி பார்த்துக்கொண்டே இருக்கும். அடுத்த கோடு எங்கே போகும் என்று அது ஊகித்து, எவ்வளவு சரி என்று நூற்றுக்கு ஓர் எண்ணைத் திரையில் காட்டும்; கடைசிக் கோட்டில் அந்த எண் தொண்ணூறைத் தொட்டால் தள்ளுபடி. கருவி ஊகிப்பதைத் திருடனும் வரைந்துவிடுவான் அல்லவா? தள்ளுபடியான மை ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடும். ஒருவருக்கு மூன்று வாய்ப்புதான்; மூன்றும் போனால் அரசாங்கமே ஓர் எண்ணைக் குத்தும். எண்காரர்களுக்குக் கடல்வாசல் திறக்காது.

என் மாப்பிள்ளை ஆதிநாதனுக்குப் பிழைப்பு கடலுக்கு அடியில். மதகு பழுதுபார்ப்பவர். சித்திரையில் கொதிநீர்க் குழாய் வெடித்தபோது, கூட இருந்த இரண்டு பேர் வெளியேறும்வரை திருகுவால்வைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர்கள் பிழைத்தார்கள். அவருடைய மணிக்கட்டில் அவர் அம்மா குத்திய குறி வெந்துபோனது. அம்மா இப்போது இல்லை. என் மகள் வகுளா முதலில் கொடி ஒன்று குத்தினாள், அடுத்து ஆமை. இரண்டையும் அவளுக்கு முன்பே முன்னுணரி வரைந்து முடித்துவிட்டது. மிச்சம் ஒரு வாய்ப்பு. மிச்சம் ஒரே ஆள், நான்.

எங்கள் வீட்டு வழக்கம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மாப்பிள்ளை வாய் திறந்தால் மாமியார் உட்கார்ந்திருக்கக் கூடாது, எழுந்துவிட வேண்டும். கல்யாணமாகி ஆறு வருடத்தில் எனக்கு அந்தச் சிரமம் அதிகம் வந்ததில்லை. மனிதர் பேசவே மாட்டார். உம்மணாமூஞ்சி என்றுதான் நினைத்திருந்தேன்.

பூசணிக்காய்த் தோலில் ஒரு மாதம் சங்கு வரைந்து பழகிக்கொண்டு, மாப்பிள்ளையோடும் வகுளாவோடும் கைக்குறிப் பதிவகத்துக்குப் போனேன். பதிவாளர் ரெபெக்கா ஊசிப் பேனாவைக் கையில் கொடுத்தாள். மாப்பிள்ளையின் மணிக்கட்டில் சங்கின் முதல் வளைவு முடிவதற்குள் திரையில் எழுபது. அடுத்த வளைவில் எண்பத்தைந்து. நான் பேனாவை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"அத்தை, பதறாதீங்க," என்றார் மாப்பிள்ளை.

நான் எழுந்துவிட்டேன். ஊசியும் கூடவே வந்தது. சங்கிலிருந்து ஒரு கோடு முழங்கையைப் பார்த்துக் கிளம்பிவிட்டது.

"எம்மா! ஊசியோட எந்திக்கீங்களே! உக்காருங்க மொதல்ல!" ரெபெக்கா கத்தினாள்.

"அவுகளே வலிக்கின்னு சொல்லல, நீ எதுக்கு பள்ளிக்கூடத்துப் பிள்ள மாதிரி எந்திச்சு நிக்க?" என்றாள் வகுளா.

திரையில் எண் முப்பதுக்கு இறங்கியிருந்தது. மாப்பிள்ளை திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒங்க மீன்கொழம்புல புளி கொஞ்சம் தூக்கல் அத்தை."

பாதி எழுந்தேன். கோடு மடங்கியது. இருபது.

"மேடம், இது செல்லுமா?" என்று வகுளா பதறினாள்.

"பேசக் கூடாதுன்னு சட்டம் இல்ல. ஆனா கொழம்பப் பத்தி இப்பவா பேசணும்?" என்றாள் ரெபெக்கா.

அவர் பேசினார். கொதிநீரைப் பற்றி, மதகுக்குள் குடியிருக்கும் விலாங்கைப் பற்றி, அவர் அம்மாவைப் பற்றி. நான் எழுந்தும் அமர்ந்தும் குத்தினேன். ஏழெட்டு தடவைக்குள் அந்தக் கருவி என் வழக்கத்தைப் படித்துவிட்டது. அவர் உதடு அசைந்தாலே கோடு எந்தப் பக்கம் மடங்கும் என்று சொல்லத் தொடங்கியது. அறுபது. எண்பது. எண்பத்தெட்டு. கடைசிக் கோடு ஒன்றுதான் பாக்கி. வகுளா கண்ணை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளை என் முழங்காலைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நான் பேசுனா நீங்க எந்திக்கணும். ஒங்களுக்கு முட்டு வலி. அதான் அத்தை, ஆறு வருசமா ஒங்க முன்னால வாயத் தெறக்கல."

கோடு மேலே ஏறும் என்று முன்னுணரி பச்சையாகக் காட்டியது. நான் எழவில்லை. எழ முடியவில்லை என்றே சொல்ல வேண்டும். அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கோடு கீழே இறங்கி, வெந்த தோலை ஒட்டிச் சுற்றிவந்து நின்றது.

"நாலு!" என்று ரெபெக்கா மேசையைத் தட்டினாள். "எம்மா, நாலே நாலு!"

மறுநாள் கடல்வாசல் அவருக்குத் திறந்தது. அந்தக் குறி சங்கு மாதிரியும் இல்லை, வேறு எது மாதிரியும் இல்லை. கூட வேலை பார்ப்பவர்கள் என்னவென்று கேட்டால், "எங்க அத்தை குத்துனது" என்று மட்டும் சொல்கிறாராம். கோடிக் கோடுகளைப் படித்த கருவி அது. அதனாலும் இந்த மனிதரை ஊகிக்க முடியவில்லை. ஒரே கூரையின் கீழ் ஆறு வருடம் இருந்த எனக்கும் முடியவில்லை. இப்படியொரு பிள்ளை எனக்கு வாய்த்திருப்பதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உங்கள் வீட்டில் யாருக்கு யார் குத்தினீர்கள்? குத்திய அந்த ஒரு மணி நேரத்தில் அவரைப் பற்றிப் புதிதாக என்ன தெரிந்தது? எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.