குளிரறைக் கதவைத் திறந்தது யார்?

பிற்பகல் மூன்றரை மணிக்குச் சுற்றி வந்த காவல்காரர்தான் முதலில் பார்த்தார். கிடங்கின் குளிரறைக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே அடுக்கி வைத்திருந்த தடுப்பூசிப் பெட்டிகள் எல்லாம் வெதுவெதுத்துப் போயிருந்தன. ஒன்றுகூடத் தேறாது.

யார் கார்டுக்குக் கதவு திறந்தது என்று கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். கிடங்குப் பொறுப்பாளரின் கார்டு, மணி இரண்டு பத்து. அந்த நேரத்தில் பொறுப்பாளரம்மா பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படியானால் கார்டை யாரிடம் கொடுத்தாய் என்று மேலாளர் பிடித்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் சொல்லாவிட்டால் வேலை போகும், போலீஸும் வரும்.

கதவுக்கு ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தவளை வரவழைத்தார்கள். அவள் பொறுப்பாளருக்கு நாத்தனார். ஒரு மிக்ஸி விவகாரத்தில் இருவருக்கும் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சொந்தமாயிற்றே என்று மேலாளர் யோசித்தார்தான். ஆனால் கதவை இயக்கும் அந்தக் கம்ப்யூட்டர் மிஷினை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

"கார்டு எங்க இருந்துது, அண்ணி?"

"என் கைப்பையில. வேற யார் கைக்கும் போகல."

"காலையில குளிரறைக்குள்ள போனீங்களா?"

"எங்க போறது? மூணு தரம் காட்டினேன், திறக்கல. டெக்னீஷியன்கிட்ட சொல்லிட்டு, பல்லு வலி தாங்காம கிளம்பிட்டேன்."

டெக்னீஷியன் அதை ஒத்துக்கொண்டான். காலையில் கதவு ப்ரோக்ராம் நின்றுபோயிருந்தது. மத்தியானம் விதிப்படி மிஷினையே அணைத்து மறுபடி போட்டதாகச் சொன்னான். அணைத்தால் பழையது எதுவும் மிஞ்சாது. ஆகவே இரண்டு பத்துக்கு யாரோ புதிதாகக் கார்டைக் காட்டியிருக்க வேண்டும் என்றார் மேலாளர். நாத்தனாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. அண்ணி புளுகுகிறாளோ என்று நினைத்தபோது உள்ளுக்குள் லேசாக ஒரு சந்தோஷம் வந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

காவல்காரரை விசாரித்தாள். இரண்டு மணிக்கு மேல் கதவுப் பக்கம் டக் டக் டக் என்று ஒரே மூச்சில் சத்தம் கேட்டதாம். ரிப்பேர் வேலை நடக்கிறது என்று அவர் எழுந்து போகவில்லை.

அவள் கதவருகே போய்த் தன் கார்டைக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அது அணைய நிதானமாக ஐந்து எண்ண வேண்டியிருந்தது. அதுவரை அடுத்த முறை காட்டியதை அது ஏற்கவே இல்லை. திரும்பி வந்து மிஷினில் ஒரு வரி தட்டி, பதிலைப் பார்த்தாள். பிறகு எல்லோரையும் உட்காரச் சொன்னாள்.

"ஒரே மூச்சுல மூணு தரம் காட்ட யாராலயும் முடியாது. அது இன்னிக்கு மத்தியானம் காட்டின கார்டே இல்ல. கார்டைப் படிக்கிறது ஒரு ப்ரோக்ராம், கதவைத் திறக்கிறது வேற ஒண்ணு. ரெண்டும் நேரா பேசிக்காது. படிக்கிறது 'திற'ன்னு ஒரு சேதியை, கெர்னல்ல, அதாவது மிஷினையே நடத்துற அடி ப்ரோக்ராம்ல, இருக்கிற வரிசையில போட்டுட்டுப் போயிடும். திறக்கிறது வந்து எடுத்துக்கும். எடுக்க ஆள் இல்லேன்னா சேதி அங்கேயே காத்துக்கிட்டு இருக்கும். அண்ணி காலையில போட்ட மூணும் அப்படித்தான் கிடந்துது. ரெண்டு பத்துக்குக் கதவு ப்ரோக்ராம் எழுந்ததும் மூணையும் வரிசையா எடுத்துட்டுது. பதிவாகிறது கதவு திறந்த நேரம்தான்."

"மிஷினை அணைச்சப்பவே வரிசை அழிஞ்சிருக்குமே?" என்றார் மேலாளர்.

"அழிஞ்சிருக்கும், அணைச்சிருந்தா. அதுக்காகத்தான் அந்த விதியையே எழுதி வச்சேன்." அவள் டெக்னீஷியன் பக்கம் திரும்பினாள். "எத்தனை நாளா விடாம ஓடுதுன்னு மிஷினையே கேட்டேன். நாப்பது நாளுங்குது. நீங்க கதவு ப்ரோக்ராமை மட்டும் எழுப்பி விட்டுட்டு, மிஷினை அணைச்சதா சொல்லியிருக்கீங்க."

அவன் முகம் வெளிறிவிட்டது. முழுசாக அணைத்துப் போட அரை மணி ஆகும், பசி வேறு என்று ஏதோ இழுத்தான். பிறகு தானாகவே கொட்டிவிட்டான்.

"சத்தம் எனக்கும் கேட்டுது. போய்ப் பார்த்தேன், கதவு திறந்திருந்துது, உள்ள யாரும் இல்ல. பக்கத்துல நின்னா என் தலையில விழுமேன்னு வந்துட்டேன்."

பொறுப்பாளர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். வேலை பிழைத்தது அவள் மனதில் ஏறியதாகவே தெரியவில்லை.

"மூடுறதுக்கு ஒரு பட்டன்தானே, தம்பி," என்றாள். "அத்தனையும் குழந்தைங்களுக்குப் போக வேண்டிய மருந்து."