டப்பாவில் எட்டுக் கரடிகள்

வீல்...!

காலை ஒன்பதரை மணிக்கு அந்த அலறல் வேலியைத் தாண்டி வந்து, மாக்சின் கொச்சேவரின் சமையலறைக்குள் விழுந்தது.

வறுத்த பச்சை மிளகாய்களுக்குத் தோலுரித்துக்கொண்டிருந்தவள், அப்படியே போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

பக்கத்து வீட்டுக் கொல்லைப்புறம். டார்லா இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கு எதிரே ரூடி. மாக்சினுக்கு முப்பத்தோரு வருஷத்துக் கணவன். உருக்காலையில் இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவன்.

சிரித்துக்கொண்டு நின்றான். வலது கையை டார்லா பக்கம் நீட்டியிருந்தான். அந்தக் கையில், மூடி திறந்த ஒரு சின்னப் பெட்டி.

மோதிரப் பெட்டி...!

மாக்சின் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள்.

அடுத்த நொடி ரூடியின் முழங்கால்கள் மடங்கின. மண்டி போடுகிறானா, படுபாவி? இல்லை. மண்டியோடு நிற்கவில்லை அவன். புல்லின் மேல் குப்புற விழுந்தான்.

வேலிக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு ஓடினாள் மாக்சின். மூச்சு இருக்கிறதா என்று கேட்பதுதான் முறை. அவள் கேட்டது வேறு.

"இந்த மனுஷனுக்கு உன் வீட்டுக் கொல்லையில என்ன வேலை?"

"ஏணி..." என்று டார்லா திக்கினாள். "ஏணியைத் திருப்பிக் குடுக்க வந்தார்..."

ஏணி சுவரோரம் சாய்ந்திருந்தது உண்மைதான். மாக்சினின் கண்கள் அதை நம்பவில்லை. புல்லில் மோதிரத்தைத் தேடின.

மோதிரம் இல்லை. கிடந்தது ஒரு தகர டப்பா. நேற்றுப் பிற்பகல் மாக்சின் தன் கையாலேயே வாங்கி வந்த கஞ்சா மிட்டாய் டப்பா!

*

கொலராடோ மாநிலம், ப்யூப்லோ நகர மருத்துவமனை. அவசரப் பிரிவு.

டாக்டர் வெளியே வந்தபோது மணி பதினொன்று. வெறும் கஞ்சா மிட்டாய் தின்று இவ்வளவு ஆழ்ந்த மயக்கத்துக்குப் போகிறவர்கள் கிடையாது என்றார். ரத்தத்தில் தூக்க மருந்து இருக்கிறது, குதிரையைச் சாய்க்கும் அளவுக்கு. பிழைப்பாரா என்பதைச் சாயந்திரம்தான் சொல்ல முடியும்.

மாக்சின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழலாம் என்று பார்த்தாள். முடியவில்லை. காத்திருக்கும் அறையின் மூலையில் டார்லா அதற்கு முன்பே அழுதுகொண்டிருந்தாள். மனைவியை விடச் சத்தமாக!

ஆறு மாதத்துக்கு முன் நெப்ராஸ்காவில் இருந்து குடிவந்த விதவை அவள். வந்த நாளில் இருந்து அவள் வீட்டில் ஏதாவது உடைந்துகொண்டே இருந்தது. முதலில் குழாய். அப்புறம் கதவுக் கீல். அப்புறம் கூரையின் மழைநீர்த் தகரம். ரூடி கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான். பீச் பழ வாசனையோடு திரும்பி வருவான். நன்றிக்குப் பதிலாக அவள் பீச் பணியாரம் சுட்டுத் தருவாளாம்.

ஒரு மனிதர் மாக்சினின் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஒல்லியான உடம்பு, தேய்ந்த பூட்ஸ். டிடெக்டிவ் ஆர்ச்சுலெட்டா என்று அறிமுகப்படுத்திக்கொண்டார்.

டப்பாவின் அடியில் கடையின் பெயரும் தொகுதி எண்ணும் இருந்தன. நேராக அந்தக் கடைக்குப் போய்விட்டு வருகிறார். கொலராடோவில் கஞ்சா விற்பது குற்றமில்லை; இது அரசு உரிமம் பெற்ற கடை. வாசலில் மாக்சினின் டிரைவிங் லைசென்ஸைச் சோதித்த நேரம்கூடப் பதிவாகி இருக்கிறது. தலைக்கு மேல் கேமரா.

"அந்த கவுண்டர் பொண்ணுகிட்ட என்ன பேசினீங்கன்னு ஞாபகம் இருக்கா, மிஸஸ் கொச்சேவர்?"

மாக்சினுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

ஐம்பத்தேழு வயதில் முதல் தடவையாக அந்தக் கடைக்குள் நுழைந்திருந்தாள். கண்ணாடிப் பேழைக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமைசாலி. யாருக்கு, வலிக்கா தூக்கத்துக்கா, இதற்கு முன் சாப்பிட்டிருக்கிறாரா என்று வரிசையாக விசாரித்தாள். கணவருக்கு, முதுகு வலி, சாப்பிட்டதே இல்லை என்றதும் மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தாள். பத்து மிட்டாய், ஒவ்வொன்றிலும் பத்து மில்லிகிராம். முதல் நாள் பாதி போதும். இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒன்றுமே ஆகவில்லையே என்று அவசரப்பட்டு இன்னொன்றை வாயில் போடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு என்றாள்.

ரூடிக்குப் பீச் என்றால் உயிர். மாக்சின் பீச் டப்பாவை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுத் தர்பூசணியை எடுத்தாள்.

"அவரால நடக்க முடியுதா, மேடம்?" என்று அந்தப் பெண் கடைசியாகக் கேட்டாள்.

"அதான் பிரச்சினையே. நல்லா நடக்கறார். பக்கத்து வீடு வரைக்கும் நடக்கறார்."

"மேடம்...?"

"அந்த நாப்பது அடியை மட்டும் நடக்க முடியாதபடி ஏதாவது இருந்தா குடும்மா."

"அதுக்கு எங்ககிட்ட சரக்கு இல்ல, மேடம். வேலியை உசத்திப் பாருங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நேற்று.

இப்போது அதே பேச்சை ஆர்ச்சுலெட்டா ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார். சிரிக்கவில்லை.

"நேத்து அவர் நடக்கக் கூடாதுன்னு கேட்டீங்க. இன்னைக்கு அவர் நடக்கல."

மாக்சின் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். ரூடி கண் விழிக்காவிட்டால் அவள் கொலைகாரி. விழித்தாலும் கொலை செய்யப் பார்த்தவள். இரண்டுக்கும் விலங்கு ஒன்றுதான்!

"வக்கீல் யாரையாவது கூப்பிடணுமா?" என்று கேட்டார் ஆர்ச்சுலெட்டா.

"அதுக்கு முன்னாடி அந்த மிட்டாயைக் காட்டுங்க. நான் இன்னும் அதைக் கண்ணாலயே பாக்கல."

அதுவும் உண்மைதான். நேற்று சாப்பாட்டுக்குப் பிறகு பாதி கொடுக்கலாம் என்று இருந்தாள். அதற்குள் ரூடி சோபாவில் குறட்டை. டப்பாவைத் திறக்காமலே அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். காலையில் அவனே கண்டெடுத்து இருக்கிறான்.

ஆர்ச்சுலெட்டா கோட்டுப் பையில் இருந்து கண்ணாடிக் காகிதப் பை ஒன்றை வெளியே எடுத்தார். உள்ளே சிவப்பாக எட்டு மிட்டாய்கள். பத்தில் இரண்டு காலி.

மாக்சின் குனிந்து பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

குட்டிக் காதுகள். குட்டிக் கால்கள். தொப்பை.

கரடி!

"இது நான் வாங்கினது இல்ல."

"டப்பா உங்களுது."

"டப்பா என்னுது. கரடி என்னுது இல்ல. இந்த ஊர்ல எந்தக் கடையிலங்க கரடி விக்கறாங்க?"

எந்தக் கடையிலும் இல்லை. குழந்தைகள் சாதா மிட்டாய் என்று எடுத்துத் தின்றுவிடக் கூடாது என்பதற்காகக் கொலராடோ சட்டம் போட்டு வருஷங்கள் ஆகின்றன. மிருகம், மனிதன், பழம் எந்த உருவத்திலும் கஞ்சா மிட்டாய் செய்யக் கூடாது. ஒவ்வொன்றின் மேலும் எச்சரிக்கை முத்திரை குத்தி இருக்க வேண்டும். கடைப்பக்கமே போகாதவனுக்கும் இது தெரியும்.

"தெரியும்" என்றார் ஆர்ச்சுலெட்டா. "நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன். இந்த ஊர்ல பொறந்தவ விஷம் வெக்கறதா இருந்தா, சதுரமா வெட்டி, மேல முத்திரையும் குத்தி வெச்சிருப்பா."

"அப்ப வெளியூர் ஆளு."

இரண்டு பேரின் தலைகளும் ஒரே சமயத்தில் மூலைப் பக்கம் திரும்பின.

டார்லா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

மாக்சின் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் கொட்டினாள். செவ்வாய்க்கிழமை வேலியோரப் பேச்சில், நாளைக்குக் கஞ்சா கடைக்குப் போகிறேன், தூக்கம் வரவில்லை என்று டார்லாவிடம் சொல்லி இருந்தாள். ரூடியின் முதுகுக்கு என்று சொல்லவில்லை. சொன்னால் எண்ணெயும் கையுமாக வந்து நிற்பாள்! நேற்று சாயந்திரம் டார்லா ஒரு தட்டு நிறைய மக்காச்சோளப் பணியாரத்தோடு வந்தாள். டப்பா மேஜை மேல் இருந்தது. மாக்சின் தட்டைக் காலி செய்து கழுவிக் கொடுக்க உள்ளே போனது ஐந்து நிமிஷம்.

"ரூடி இவளை வேணாம்னு சொல்லியிருப்பார். அந்த ஆத்திரம். அவரையே தீத்துக்கட்டப் பாத்துட்டா."

சொல்லும்போதே அவளுக்குள் ஒரு கேவலமான சந்தோஷம் எட்டிப் பார்த்தது. வேணாம்னு சொல்லிட்டார்!

"இருக்கலாம்" என்றார் ஆர்ச்சுலெட்டா. "ஆனா கரடி அச்சு அவங்க வீட்டுல இருக்கான்னு நான் சோதனை போட, நீதிபதி கையெழுத்து வேணும். அதுக்குள்ள அச்சு குப்பை லாரி ஏறிடும்."

மாக்சின் எழுந்தாள். தாழ்வாரக் கோடியில் தின்பண்ட இயந்திரம் நின்றது. காசைப் போட்டாள். பொத்தானை அழுத்தினாள். ஒரு பொட்டலம் விழுந்தது.

குழந்தைகள் தின்னும் சாதாரணக் கரடி மிட்டாய்.

சிவப்பை மட்டும் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நேராக மூலைக்குப் போனாள். ஆர்ச்சுலெட்டா தடுக்கவில்லை. இரண்டடி பின்னால் வந்து சுவர்ப் படத்தைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டார்.

"அழுது அழுது களைச்சுப் போயிட்டே, டார்லா. ஒண்ணு வாயில போட்டுக்கோ."

டார்லா நிமிர்ந்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள்.

முகம் வெளுத்துப்போனது. நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"வேண்டாம்..."

"ஏன்? டப்பாவுல இருந்ததுதான். நானே ஒண்ணு திங்கலாம்னு..."

"அப்ப தின்னு தொலை!"

டார்லாவின் கை பாய்ந்து வந்து மாக்சினின் கையைத் தட்டிவிட்டது. சிவப்புக் கரடிகள் தரையில் உருண்டன.

"அது உனக்கு வெச்சதுடி! நீதானே தூக்கம் வரலைன்னே! அவர் கையில எதுக்குக் குடுத்தே...?"

தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது.

மாக்சின் அசையாமல் நின்றாள். ஆறு மாதமாக அவள் வேவு பார்த்தது கணவனை. நாற்பது அடி தூரத்தில் ஒருத்தி தன்னை வேவு பார்த்ததைக் கவனிக்கவே இல்லை. பொறாமைக்கு ஒரு கண்தான் போலிருக்கிறது!

"உனக்கு அவரோட அருமை தெரியாது" என்று டார்லா விசும்பினாள். "என் வீட்டுல உக்காந்து என் பணியாரத்தைத் தின்னுட்டு, உன்னைப் பத்தியே பேசிட்டிருப்பார். மாக்ஸ் இப்படிச் செய்வா, மாக்ஸ் அப்படிச் சொல்வா... காதே புளிச்சுப் போச்சு எனக்கு."

ஆர்ச்சுலெட்டா முன்னால் வந்தார். விலங்கு கிளிக் என்றது. அந்தச் சத்தம் மாக்சினின் கையில் கேட்கவில்லை.

மீதிக் கதையை டார்லா போலீஸ் காரிலேயே சொல்லி முடித்தாளாம். இறந்துபோன கணவனின் தூக்க மாத்திரைகள். அடுப்பில் உருக்கிக் கரடி அச்சில் ஊற்றிய சாதா மிட்டாய். டப்பாவைத் திறந்தபோது உள்ளே சதுரம் சதுரமாக இருந்ததைப் பார்த்திருக்கிறாள். அந்தக் கம்பெனியின் பாணி போல என்று நினைத்து, அவற்றை எடுத்துவிட்டுத் தன் கரடிகளைப் போட்டு வைத்திருக்கிறாள். மாக்சின் இன்னும் திறக்கவில்லை, அவளுக்கு எப்படித் தெரியப் போகிறது? அந்தச் சதுரத்துக்குப் பின்னால் ஒரு சட்டமே இருப்பது, கஞ்சா கடையே இல்லாத நெப்ராஸ்காவில் இருந்து வந்தவளுக்குத் தெரியவில்லை. காலையில் ஏணியோடு வந்த ரூடி டப்பாவைத் திறந்து நீட்டி, நான் ரெண்டு தின்னுட்டேன், நீயும் ஒண்ணு எடுத்துக்கோ என்றிருக்கிறான். அவன் விழுவதற்கு முன்பே அவள் அலறியது அதனால்தான்.

*

நான்கு மணிக்கு ரூடி கண் விழித்தான்.

பிழைத்துவிட்டான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மாக்சினுக்கு அழுகை வந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நிம்மதியாக அழுதாள். போட்டிக்கு அழ ஆள் இல்லை.

"கரடி மாதிரி இருக்கேன்னு யோசிச்சேன் மாக்ஸ்" என்றான் அவன், குழறலாக. "சட்டத்தை மாத்திட்டாங்க போலன்னு விட்டுட்டேன். யாரு செஞ்சது? பிடிச்சாங்களா?"

"பிடிச்சாச்சு. டார்லா."

"டார்லாவா? நல்ல பொம்பளையாச்சே. பாவம், அவ வீட்டுல எதுவுமே ஒழுங்கா நிக்கறதில்ல."

மாக்சின் பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்தக் குரலில் கள்ளத்தனம் ஒரு துளி இல்லை. முப்பத்தோரு வருஷமாக அவளுக்குத் தெரிந்த அதே மண்டு!

"விஷம் எனக்கு வெச்சது. நடுவுல நீ தின்னுட்டே."

"உனக்கு எதுக்கு வெச்சா?"

"என்னை அனுப்பிட்டு என் இடத்துக்கு வரணுமாம்."

"எந்த இடத்துக்கு?"

"உன் பொண்டாட்டி இடத்துக்கு!"

ரூடி கூரையைப் பார்த்தான். அந்தச் செய்தி மருந்தை விட மெதுவாக அவன் தலைக்குள் ஏறியது. நெற்றிச் சுருக்கம் மறைந்தது. உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு முளைத்தது. ஊசி குத்தியிருந்த கை மெல்ல மேலே போய், தலையில் மிச்சம் இருந்த நாலு முடியைக் கோதிவிட்டது.

"கொலை பண்ற அளவுக்கா...? எனக்காகவா மாக்ஸ்...?"

கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். பேஷன்ட் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள்.

மாக்சின் கைப்பையை வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

"இப்போதைக்கு நல்லா இருக்கார், சிஸ்டர். எதுக்கும் டாக்டரை வீட்டுக்கு அனுப்பிடாதீங்க."