இரண்டு கற்களுக்கு நடுவே

“அங்கேயே நில்லும்மா. முள்ளுல கைய வெக்காதே.”

“கொழந்தைய மட்டுமாவது வாங்கிக்கோங்கண்ணா. நான் இந்தப் பக்கமே நிக்கறேன்.”

“வாங்கி?”

“உங்க ஊர் கோவிந்தப்பன் வண்டியில போட்டு ஓசூர் ஆசுபத்திரிக்கு அனுப்புங்க. மூச்சு எப்படி இழைக்குது பாருங்க. ஒடம்புல அம்ம முத்து ஒண்ணுகூட இல்ல. வெறுங்காய்ச்சல்தான்.”

“எங்க ஊர்லயும் வெறுங்காய்ச்சலாத்தான் ஆரம்பிச்சுது. கோவிந்தப்பன் வீட்டுல பச்சக்கொழந்த இருக்கு.”

மல்லேபுரத்துத் தலையாரி கங்கப்பன், பாதையை அடைத்துப் போட்டிருந்த இலந்தை முள்ளுக்கு அப்பால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தான். பேச்சு முழுவதும் முனிலட்சுமியோடுதான். ஆனால் ஒருமுறைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய இடது தோளுக்குப் பின்னால், ஆளுயரத்தில், ஏதோ ஓரிடத்தில் அவன் கண் நிலைத்திருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். தூறல். கேழ்வரகுக் கொல்லை. வேறொன்றும் இல்லை.

“போன பண்டிகைக்கு எங்க வீட்டு மாவெளக்கு உங்க கோயிலுக்குத்தானே வந்துது?” என்றாள்.

“வந்துது. கல்லு நட்டப்புறம் நீங்க கோணஹட்டி.”

“அவங்க எங்கள மல்லேபுரங்கறாங்க.”

“ரெண்டு ஊர்ப் பண்டிகையிலயும் கறிச்சோறு தின்னீங்க இல்ல? இப்ப ரெண்டு ஊரும் கூப்பிடும், போ.” சொன்ன பிறகு அவனுக்கே சங்கடமாக இருந்திருக்கவேண்டும். குரலைத் தாழ்த்தி, “போயிடும்மா. சீக்கிரம் போயிடு” என்றான். அப்போதும் கண் அதே இடத்தில்தான் இருந்தது.

மொழி பார்த்து ராஜ்யம் பிரிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு எங்கும் நடந்துகொண்டிருந்த வருடம் அது. அளக்க வந்தவர்கள் சங்கிலியை இழுத்துக்கொண்டு கொல்லைகளுக்குள் நடந்தார்கள். போகும்போது மல்லேபுரத்தை ஒட்டி வெள்ளையடித்த ஒரு கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். ஓடைக்கரையில், கோணஹட்டியை ஒட்டி, எந்தக் காலத்திலோ நட்ட பாசி பிடித்த கல்லும் அப்படியே நின்றது. மல்லேபுரத்துக்குப் புதுக் கல் எல்லை. கோணஹட்டிக்குப் பழைய கல். நடுவில் இருந்தது முனிலட்சுமியின் வீடு ஒன்றுதான். அந்த இடத்தை மல்லேபுரத்தார் கோணஹட்டித் தோட்டம் என்றார்கள், கோணஹட்டியார் மல்லேபுரத்துக் கொல்லை என்றார்கள். அவள் புருஷன் சென்னகிருஷ்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். “நாம தனி ராஜ்யம் புள்ள. நீதான் ராணி.” அவன் பாரூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தான். திரும்பி வந்தாலும் இந்த முள்ளைத் தாண்ட அவனை யாரும் விடப்போவதில்லை.

அம்மை கண்ட ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மண்ணில் ஆத்தாளைப் பிடித்து, சோழிகளைக் கண்ணாகப் பதித்து, சிவப்புத் துணி சுற்றி, வேப்பிலை பரப்பிய முறத்தில் உட்காரவைத்துப் பம்பை முழங்க எல்லைக்குக் கொண்டுபோய் விடுவார்கள். திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். அடுத்த ஊர்க்காரர்கள் அவளுக்குத் தயிர்ச்சோறு படைத்து, முறத்தோடு தூக்கிக்கொண்டுபோய்த் தங்கள் மறு எல்லையில் விடவேண்டும். அப்படி அவள் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பாள். எங்கேயும் தங்கிவிடக்கூடாது.

இந்தமுறை இரண்டு ஊரிலும் ஒன்றாக அம்மை கண்டது. மல்லேபுரத்தார் தங்கள் ஆத்தாளைத் தயிர்ச்சோறு வைத்துப் புதுக் கல்லடியில் விட்டார்கள். கோணஹட்டியார் தங்கள் மாரம்மாவைப் பழைய கல்லடியில் விட்டார்கள். எதிர் ஊர் எடுத்துக்கொள்ளும் என்று இரண்டு ஊரும் முள்ளை இழுத்து அடைத்துக்கொண்டன.

யாரும் எடுக்கவில்லை.

ருக்மணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு முனிலட்சுமி கோணஹட்டியை நோக்கி நடந்தாள். குழந்தையின் நெற்றி அவள் கழுத்தைச் சுட்டது. அந்தச் சின்ன மார்புக்குள்ளிருந்து வந்த இழைப்பு, ஈரக் கதவொன்றை யாரோ விடாமல் திறந்து மூடுவதுபோல் அவள் காதோரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. சானமாவுக் காட்டின் பக்கமிருந்து இறங்கிய மூட்டம் கேழ்வரகுக் கதிர்களின் தலையைத் தடவிக்கொண்டு வந்து, பொழுது சாய்வதற்கு முன்பே வெளிச்சத்தைக் கரைத்துவிட்டிருந்தது. வெள்ளைக் கல்லைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டாள். முறத்தின் விளிம்பும் புளித்துப்போன தயிர்ச்சோறும் மட்டும் கண்ணில் பட்டன. சோற்றில் ஒரு காக்கைகூட வாய் வைத்திருக்கவில்லை. மஞ்சளும் வேப்பிலையும் ஈர மண்ணும் கலந்த வாடை எழுந்தது. கல்லைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகும் அந்த வாடை குறையவில்லை. தன் வீட்டைத் தாண்டி ஓடைக்கரைக்கு வந்தபோதும் அது கூடவே இருந்தது.

பழைய கல்லடியில் அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

முறம் இருந்தது. வேப்பிலை நடுவில் அமுங்கிக் குழிந்திருந்தது, நெடுநேரம் யாரோ உட்கார்ந்து எழுந்துபோன மாதிரி. முறத்தில் வேறொன்றும் இல்லை.

கோணஹட்டி முள்ளுக்கு அப்பால் திம்மப்பன் நின்றான். அவள் வீட்டுத் தொழுவத்தில் ஆடு அடைக்க வருகிறவன். தன் பெண்களுக்குச் செய்ததுபோலவே ருக்மணிக்கும் புல்லாங்குழல் செய்து கொடுத்தவன்.

“யாரு, முனிலட்சுமியா? பேடம்மா. ஒளகே வரபேடா. உள்ள வராதே.”

“அண்ணா, கம்பவுண்டர எல்லை வரைக்கும் கூப்பிடுங்க. தூரத்துல நின்னு பாத்தாப் போதும்.”

“கம்பவுண்டரே படுத்துட்டாரு.” அவன் குரல் உடைந்தது. “என் பெரியவ போயிட்டாம்மா. மண்ணு இன்னும் காயல. சின்னவ ஒருத்திதான் மிச்சம். எனக்கு எரக்கம் இல்லன்னு நெனைக்காதே.”

“கோவிந்தப்பன் வீட்டுல பச்சக்கொழந்த இருக்குன்னு அங்கயும் இதேதான். எனக்கு மட்டும் ரெண்டா இருக்கு? எனக்கும் இவ ஒருத்திதானேண்ணா.”

அவன் மூட்டத்துக்குள் எதையோ உற்றுப் பார்த்தான். பிறகு கம்பளியைத் தலையிலிருந்து எடுத்தான். கைகளைக் கூப்பினான். கும்பிட்டது முனிலட்சுமியை அல்ல.

“தாயி,” என்றான். “ரெண்டு பேருமா வந்துட்டீங்களே.”

அவள் ஓடினாள்.

ஓடையில் கால் வழுக்கியது. எழுந்தாள். கொல்லைக்குள் கேழ்வரகு இரண்டு தடங்களாகச் சாய்ந்திருந்தது. ஒன்று அந்தப் பக்கமிருந்து, ஒன்று இந்தப் பக்கமிருந்து. இரண்டும் அவள் வாசலில் சேர்ந்தன. வேறு எங்கே போவாள்? மழை வலுத்தது. குழந்தை நனைந்துகொண்டிருந்தது.

வீட்டில் விளக்கு எரிந்தது. அவள் ஏற்றிவிட்டுப் போகவில்லை.

சாத்திய கதவுக்குப் பின்னால் பேச்சுக் குரல். இரண்டு பெண்கள். சந்தைக்கு நடந்து வந்து கால் கடுக்க உட்கார்ந்துவிட்டவர்களைப்போல் சலிப்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“இது உன் ஊரு. நீ எறங்கிக்கோ.”

“இல்லவ்வா. இது நின்ன ஊரு. உன் ஊரு.”

“ஒருத்தரும் தூக்கலியே. நடந்து நடந்து காலு கரையுது.”

“கரையுது.”

ருக்மணியின் மூச்சிழைப்பு நின்றது. முனிலட்சுமி பதறிக் குழந்தையின் முகத்தைத் திருப்பினாள். குழந்தை கண்ணைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தது. நெற்றி குளிர்ந்திருந்தது. இமை ஓரத்தில் ஒரு முத்து. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று.

கதவு தானாகத் திறந்தது.

அடுப்பின் இருபுறமும் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுயரம். ஈர மண். தோள்களில் வெடிப்பு, வெடிப்புக்குள் வேப்பிலை. முழங்காலுக்குக் கீழே வெறும் சேறு. அது தரையில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. இருவருக்கும் நடுவில் ருக்மணியின் பாய். அவளுடைய சின்னப் போர்வை. அதில் சுருக்கம் இல்லாமல் ஒரு சேற்றுக் கை தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

சோழிக் கண்கள் நான்கும் வாசலுக்குத் திரும்பின.

“அம்மா,” என்றது குழந்தை, தெளிவாக. “இவங்களுக்குப் போக ஊரு இல்லையாம்.”

முனிலட்சுமி குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

“நீ ஒரு ஊரு பேரு சொன்னாப் போதுமாம். எழுந்து அங்க போயிடுவாங்களாம். வேலிய மிதிச்சிட்டுப் போயிடுவாங்களாம். என்ன விட்டுடுவாங்களாம்.”

கிழக்கே மல்லேபுரத்து மூட்டத்துக்குள் ஒரு பச்சைக்குழந்தை அழுதது. மேற்கே கோணஹட்டியில் யாரோ புல்லாங்குழலை ஊதத் தெரியாமல் ஊதினார்கள். அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். போர்வையை ஒருத்தி மெல்ல விலக்கினாள், படுக்க இடம் விட்டு.

ருக்மணியின் விரல்கள் அவள் கன்னத்தைத் தொட்டன. விரல்களெல்லாம் முத்து.

“சொல்லும்மா. ஏதாவது ஒரு பேரு.”