ஏறாத பாரம்

மூன்று பேர் ஏறியும் வண்டி கொஞ்சம்கூடத் தாழவில்லை.

விண்வெளியிலிருந்து திரும்புகிறவர்களை மருத்துவக் கட்டடத்துக்குக் கொண்டுபோகும் மின்வண்டி அது. கனத்த உடுப்போடு யார் ஏறினாலும் உஸ்ஸென்று மூச்சுவிட்டுத் தாழும். அதை ஓட்டுகிறவளுக்கு அந்தச் சத்தம் அத்துப்படி. இன்று பின்கதவு மூடிய சத்தம் மட்டும் வந்தது. முதுகுக்குப் பின்னாலிருந்த தடுப்புக் கதவின் விளிம்பு வழியாகக் கருகிய இரும்பின் வாடை கசிந்தது.

மூவரில் நடுவில் இருந்தவன் அவள் தம்பி. ஆறு மாதமாக அவனை நினைத்தே தூக்கம் கெட்டவள். சந்தோஷத்தில் சத்தம் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

"டேய் குண்டா, அங்க சோறே போடலையா? வண்டி அசையவே இல்லையேடா!"

"அம்மா வந்திருக்காங்களா அக்கா?" என்றது ஒலிபெருக்கியில் அவன் குரல்.

"காலையிலேர்ந்து ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்கிறாங்க."

"ம்."

அந்தி மங்கிக்கொண்டிருந்தது. மின்வண்டியில் இரைச்சல் கிடையாது. பின்னால் ஒருவர் இருமினாலும், பெல்ட்டைத் தளர்த்தினாலும், தலைக்கவசத்துக்குள் பெருமூச்சு விட்டாலும் முன்னால் கேட்டுவிடும். இன்று சக்கரம் உருளும் சத்தம் தவிர எதுவுமே இல்லை. மேட்டில் ஏறினால் மளமளவென்று குறையும் சார்ஜும் குறையக் காணோம்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து மேலாளர் கூப்பிட்டார்.

"என்னம்மா, காலி வண்டியோட வர்றே? அவங்க எங்கே?"

"மூணு பேரும் பின்னாடிதான் சார் இருக்காங்க."

"இங்க பாரமே காட்டலையேம்மா."

தடுப்புக் கதவின் சிறு ஜன்னல் வழியே பின்பக்கத்தைக் காட்டும் கண்ணாடியில் அவள் பார்த்தாள். மூவரும் இருந்தார்கள். வளைவில் வண்டி சாய்ந்தது. அவர்கள் சாயவில்லை.

சொந்தத் தம்பியைப் பார்த்துப் பயந்தாள்; அதற்கு வெட்கப்படக்கூட நேரமில்லை. அம்மா இந்த வண்டிப் பக்கமே வரக்கூடாது. நிறுத்தாமல் போய்விட வேண்டும். அவ்வளவுதான்.

"அம்மாகிட்ட நிறுத்துக்கா."

மருத்துவக் கட்டடத்தின் வாசல் தெரிந்தது. நடுச்சாலையில் அம்மா. இரண்டு கையையும் வீசிக்கொண்டு. பிரேக்கை மிதிக்காமல் வழியில்லை.

"அம்மா, கிட்ட வராதே! போ!"

அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. "என் கண்ணே!" என்று அழுதபடி பின்பக்கம் ஓடினாள். இவள் இறங்கப் பார்த்தாள். கதவு திறக்க மறுத்தது. பின்கதவு தானாகத் திறந்தது.

உஸ்.

வண்டி தாழ்ந்தது. அம்மாவின் பாரம்.

கதவு மூடியது.

பிறகு மெல்ல, மிக மெல்ல, வண்டி மேலே எழுந்தது.

"அம்மா?"

அழுகைச் சத்தம் நின்றுபோயிருந்தது.

கண்ணாடியில் நான்கு பேர். தம்பிக்குப் பக்கத்தில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கண்ணீர் காயவில்லை. அவிழ்ந்த நரைமுடி தோளில் படியாமல், தலைக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது.

"நீயும் உள்ள வந்து உட்காரும்மா," என்றாள் அம்மா.

தடுப்புக் கதவின் தாழ்ப்பாள் அந்தப் பக்கத்திலிருந்து விலகியது.