கூலிங் டவரில் பொங்கிய நுரை

"கம்பெனி மானமே போச்சு சார்!" என்று படபடத்துக்கொண்டு துப்பறியும் ஆபீஸுக்குள் வந்தார் ஏகாம்பரநாதன். மண்ணூர்ப் பக்கம் வார்ப்பட ஆலை ஒன்றின் மேனேஜர். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, மெஷின்களைக் குளிர்விக்கத் தண்ணீரைச் சுழற்றும் கூலிங் டவரின் தொட்டியில் நுரை பொங்கி, பம்பு காற்றை இழுத்து, கம்ப்ரஸர் சூடேறி நின்றுவிட்டதாம். "பம்பைப் போட்டவன் யேசுராஜ். பூஜையில குங்குமம் வேணாம்னான். கடுப்புல சோப்பைக் கொட்டிட்டான். இன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கப்போறேன்."

"ஆளே கெடைச்சாச்சு, இதுல துப்பறிய இன்னா கீது?" என்றார் உதவியாளர் குமாரவேல். துப்பறிவாளர் தாண்டவராயன் செருப்பை மாட்டினார்.

ஆலையில் யேசுராஜ் நுரையடக்கி எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தார். "ஊத்தினா அடங்குது, மறுபடி கெளம்புது சார். மாதா மேல சத்தியமா நான் ஒண்ணும் போடல. பூஜையன்னிக்கி நான் வரசொல்லவே தொட்டி ரொம்பிக் கெடந்துது. ரெண்டு பொண்ணுங்க கீறாங்க சார், வேலை போச்சுன்னா தெருதான்."

பக்கத்தில் இன்னொரு டவர் ஓடாமல் நின்றது. அதன் சுவிட்சில் பூஜைக்குச் சுற்றிய பூச்சரம் அப்படியே இருந்தது. தாண்டவராயன் ஈர விரலால் அந்தத் தொட்டிச் சுவரை, தண்ணீர் மட்டத்துக்கு மேலே, தேய்த்தார். நுரைத்தது. எல்லாரையும் அங்கேயே கூப்பிட்டார்.

"பூஜைக்கப்புறம் இந்த டவர் ஓடவே இல்ல. நுரை ஏறியிருக்காது. அப்ப சுவர் மேல சோப்பு எப்படிக் காஞ்சுது? தண்ணி ரொப்புறதுக்கு முன்னாடியே யாரோ தேய்ச்சிருக்காங்க."

துப்புரவு வேலை பார்க்கும் சந்திரம்மாள் முன்னால் வந்தார். "பூஜையன்னிக்கி காலையில நாங்கதாங்க ரெண்டு தொட்டியும் சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சோம். அலசத் தண்ணி கேட்டோம். 'ராகுகாலம் வந்துடும், அப்படியே ரொப்பு'ன்னாரு..."

"யாரு?"

அவர் பார்வை மேனேஜர் பக்கம் போய்த் தாழ்ந்தது.

"நிக்கிற தண்ணியில சோப்பு சும்மா கெடக்கும்," என்றார் தாண்டவராயன். "பம்பு தண்ணியை ஏத்தி, மேலேருந்து கொட்டிக் கலங்கினதும்தான் பொங்கும். யேசுராஜ் பம்பைப் போட்டார், அவ்வளவுதான். ரெண்டு தொட்டியையும் வடிச்சு அலசுங்க."

கையைத் தட்டித் தட்டி அவர்களை அவசரப்படுத்தியது ஏகாம்பரநாதனுக்கு நன்றாகவே நினைவு வந்தது. கூசிப்போனார். குமாரவேலுக்கும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ரூமுக்கு வாப்பா, பேசிக்கலாம்," என்றார் மேனேஜர் மெல்ல.

யேசுராஜ் அசையவில்லை. "காலையில என்னை கம்பெனி கேட்டாண்ட நிக்க வெச்சு, ஷிஃப்டுக்கு வந்தவங்க எதிர்ல திட்னீங்களே. அங்க வந்து சொல்லுங்க சார்."

ஏகாம்பரநாதன் கேட்டுக்கு நடந்தார். அடுத்த ஷிஃப்டு ஆட்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் நின்று, "தப்பு என்னுதுதான்," என்று முனகினார்.

"சத்தமா சார்," என்றார் யேசுராஜ்.